அமாவாசையில் பிறக்கும் புத்தாண்டு

வியட்நாமில், சைகோனுக்குப் பக்கத்தில் ஒரு காலணித் தொழிற்சாலையில் மூன்று ஆண்டுகள் இருந்தேன். ஆம்பூரில் பழகிய அதே வேலை, ஊர்தான் புதிது.

அங்கே புத்தாண்டுக்கு டெட் என்று பெயர். அமாவாசையன்று பிறக்கும். முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிற நாளில் புத்தாண்டா என்று எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் குடியிருந்த வீட்டுக்காரப் பாட்டி முந்தின நாளே படையல் வைத்ததைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. இறந்த பெரியவர்களை வீட்டுக்கு அழைத்து வந்துதான் அவர்கள் ஆண்டைத் தொடங்குகிறார்கள். ஊதுபத்திக்குப் பக்கத்துத் தட்டில் சீத்தாப்பழம், தேங்காய், பப்பாளி, மாம்பழம். அந்தப் பெயர்களை அவர்கள் பேச்சில் வரிசையாகச் சொன்னால், ‘செலவுக்குப் போதுமான அளவு கிடைக்கட்டும்’ என்று ஒலிக்குமாம். போதுமான அளவு! எவ்வளவு நல்ல வேண்டுதல்.

வீட்டையெல்லாம் முன்பே துடைத்துவிடுகிறார்கள். புத்தாண்டன்று மட்டும் துடைப்பத்தைத் தொடுவதில்லை. வந்த அதிர்ஷ்டம் குப்பையோடு போய்விடுமாம். எங்கள் சத்துவாச்சாரி வீட்டில் அமாவாசையன்று வாசலில் கோலம் இருக்காது. அந்த வெறும் வாசல் நினைவுக்கு வந்தது.

2025இல் டெட்டும் தை அமாவாசையும் ஜனவரி 29 அன்று ஒன்றாக வந்தன. நான் ஊரில் இருந்தேன். வீட்டுக்காரப் பாட்டி கற்றுத்தந்த பான் டெட் என்ற ஒட்டரிசிப் பலகாரத்தை அப்பாவின் படையலுக்கு வைக்க ஆசைப்பட்டேன். பன்றி இறைச்சியும் பாசிப்பருப்பும் வைத்துச் செய்வது வழக்கம். வாழைப்பழம் வைத்த சைவ வகையும் உண்டு. கொண்டுவந்திருந்த ஒட்டும் அரிசியைத் தேங்காய்ப்பாலில் கிளறி, காராமணி கலந்து, நடுவில் பழத்தை வைத்து, வாழையிலையில் உருளையாகச் சுருட்டிக் கட்டினேன். முந்தின இரவு கொல்லையில் விறகடுப்பு. கட்டுகள் எப்போதும் தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும். குறையக் குறைய வெந்நீர்தான் ஊற்ற வேண்டும். அம்மாவும் தூங்கவில்லை.

“அப்பாவுக்கு வைக்கலாமா, அம்மா?”

“உள்ளே வெந்திருக்கிறதா பார். அரைவேக்காடாக வைக்கக் கூடாது.”

கத்தி வேண்டாம். கட்டிய நூலையே சுற்றி இழுத்தால் வட்ட வட்டமாக வெட்டு விழும். பழம் சிவந்து போயிருந்தது. வடைக்கும் வாழைக்காய்ப் பொரியலுக்கும் நடுவில் அம்மாவே இரண்டு துண்டு வைத்தார்.

மதில்மேல் வைத்த சோற்றில் காகம் முதலில் கொத்தியது அந்தத் துண்டைத்தான். அம்மா எதுவும் சொல்லாமல் உள்ளே போய் இன்னொரு துண்டு கொண்டுவந்து வைத்தார்.