கேட் ஷோப்பின் கதையை வகுப்பில் எடுக்கும்போது

அமெரிக்க எழுத்தாளர் கேட் ஷோப்பின் 1894-இல் எழுதிய ‘ஒரு மணி நேரத்தின் கதை’ ஆங்கிலத்தில் ஏறக்குறைய ஆயிரம் சொற்கள்தான். நிதானமாக வாய்விட்டுப் படித்தாலும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரே பாடவேளையில் முடித்துவிடலாம் என்று பலரும் இதைக் கையில் எடுப்பது அதனால்தான். கதைச்சுருக்கமும் எளிது. இதய நோயுள்ள மிஸஸ் மல்லார்டிடம், கணவன் ரயில் விபத்தில் இறந்துவிட்டான் என்ற செய்தியைப் பக்குவமாகச் சொல்கிறார்கள். அவள் கதறி அழுகிறாள். பிறகு தனியாக மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். இனி என் வாழ்க்கை என்னுடையது என்ற எண்ணம் அங்கே அவளைப் பற்றிக்கொள்கிறது. கீழே இறங்கி வரும் நேரத்தில் கணவன் கதவைத் திறந்துகொண்டு உயிரோடு உள்ளே வருகிறான். அவள் இறந்துபோகிறாள். ஆனந்த அதிர்ச்சி கொன்றுவிட்டது என்கிறார்கள் டாக்டர்கள்.

சுருக்கத்தைச் சொல்லி முடித்தால் வகுப்பில் எழும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “அப்படி அவன் என்ன கொடுமை பண்ணினான் சார்?” கதையில் அதற்கு இடமே இல்லை. அவன் முகம் அவளை அன்போடு தவிர வேறு விதமாகப் பார்த்ததே இல்லை என்று ஷோப்பின் எழுதியிருக்கிறார். இதைக் காட்டியதும் வகுப்பு இரண்டாகப் பிரியும். ஒரு பாதி, அவன் குடித்திருப்பான், அடித்திருப்பான் என்று கதையில் இல்லாததைச் சேர்க்கும். இன்னொரு பாதி அவளை நன்றி கெட்டவள் என்று சொல்லிவிடும். இரண்டுக்கும் வேர் ஒன்றே: நல்ல புருஷன் வாய்த்துவிட்டால் பெண்ணுக்கு வேறென்ன குறை?

இந்தக் கேள்வியைக் கதையே ஒரு வாக்கியத்தில் அடைத்துவிடுகிறது. இன்னொரு உயிரின் மீது தன் விருப்பத்தைத் திணிக்கத் தமக்கு உரிமை உண்டு என்று ஆண்களும் பெண்களும் நம்புகிறார்களே, அது அன்பினால் செய்தாலும் கொடுமையால் செய்தாலும் குற்றம்தான் என்று அவளுக்கு அந்தக் கணத்தில் தோன்றுகிறது. ‘ஆண்களும் பெண்களும்’ என்றுதான் மூலத்தில் இருக்கிறது. அந்த இடத்தைக் கரும்பலகையில் அப்படியே எழுதிப் போட வேண்டும். ஆசிரியர் விளக்கமாகச் சொன்னால் அது அவருடைய கருத்து என்று மாணவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். கணவன் பிரெண்ட்லி மல்லார்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் திருமணம் என்ற ஏற்பாட்டையே கேள்வி கேட்கிறது இந்தக் கதை. அதன் துணிச்சல் அங்கேதான் இருக்கிறது.

நம் வகுப்புகளில் மட்டும் வரும் ஒரு சிக்கல் உண்டு. கணவனை இழந்தவள் என்றதும் நம் பிள்ளைகளின் மனத்தில் வரும் படம் வேறு. பூவும் பொட்டும் போய், மூலையில் உட்கார்த்தப்பட்டவள் அவள். அ. மாதவையா ‘முத்துமீனாட்சி’ நாவலில் எழுதிக் காட்டிய உலகம் அது. அந்தப் படத்தோடு படிப்பவர்களுக்கு மிஸஸ் மல்லார்டின் மகிழ்ச்சி பைத்தியக்காரத்தனமாகவே தெரியும். ஆகவே கதைக்கு முன்னால் ஐந்து நிமிடம் சட்டம் பேசியாக வேண்டும். ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபில், திருமணமானதும் பெண்ணின் சட்ட இருப்பு கணவனுடைய இருப்புக்குள் கரைந்துவிடும். சொத்து, சம்பளம், ஒப்பந்தம் எல்லாம் அவன் பெயரில். நியூயார்க் மாநிலம் 1848-இல் கொண்டுவந்த மணமான பெண்களின் சொத்துச் சட்டமும், இங்கிலாந்தின் 1882 சட்டமும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தளர்த்தின. பெண்களின் வாக்குரிமை அமெரிக்க அரசியல் சட்டத்தில் ஏறியது 1920-இல். அந்த அமைப்பில் கணவனை இழந்தவள் தன் பெயரில் கையெழுத்துப் போடலாம், சொத்தைத் தானே நிர்வகிக்கலாம். ஷோப்பினின் கணவர் ஆஸ்கார் 1882-இல் கடனை வைத்துவிட்டு இறந்தபோது, ஆறு குழந்தைகளோடு ஷோப்பின் லூசியானா மாநிலத்தில் கடையையும் நிலத்தையும் தாமே பார்த்துக்கொண்டார். இவ்வளவு சொன்னால் போதும். அதற்கு மேல் அவருடைய வாழ்க்கையைக் கொண்டுவந்தால், தன் கதையைத்தான் எழுதியிருக்கிறார் என்று வகுப்பு முடிவு கட்டிவிடும். பிறகு யாரும் கதையைப் படிக்க மாட்டார்கள்.

முதல் வாசிப்பில் அவள் மாடியறைக் கதவைச் சாத்தும் இடத்தில் நிறுத்திவிடுவது நல்லது. அடுத்து என்ன நடக்கும் என்று ஆளுக்கு இரண்டு வரி எழுதச் சொல்லலாம். பெரும்பாலானோர் தற்கொலை என்றே எழுதுவார்கள். அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு சன்னல் பகுதியை மெதுவாகப் படிக்க வேண்டும். வசந்தத்தில் துளிர்க்கும் மர உச்சிகள், மழை வாசனை, தெருவில் கூவி விற்பவன், தூரத்துப் பாட்டு, இறவாரத்துச் சிட்டுக்குருவிகள், மேகத்தின் இடையே நீலத் துண்டுகள். இதை மாணவர்கள் ‘இயற்கை வருணனை’ என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு தாண்டிப் போவார்கள். தாண்ட விடக்கூடாது. வீட்டுக்குள்ளிருந்து அவளுக்கு எதுவும் வரவில்லை, வருவதெல்லாம் வெளியிலிருந்து. அந்த எண்ணமும் அப்படித்தான் வருகிறது. அவள் அதை முதலில் தள்ளிவிடப் பார்க்கிறாள், தன் மெலிந்த வெள்ளைக் கைகளால் தடுப்பது போல, முடியாமல். விடுதலையைத் தேடி அலைந்தவள் அல்ல அவள். இதைக் கவனித்தவர்கள் ‘நன்றி கெட்டவள்’ தீர்ப்பைத் தாங்களே திரும்பப் பெற்றுக்கொள்வார்கள்.

பெயர்களையும் பார்க்கச் சொல்ல வேண்டும். கதை தொடங்கும்போது அவள் மிஸஸ் மல்லார்ட். ‘லூயிஸ்’ என்ற சொந்தப் பெயர் முதலில் வருவது, அவள் தனக்குள் விடுதலை அடைந்த பிறகு, சகோதரி ஜோசஃபின் சாவித்துவாரத்தில் வாய் வைத்துக் கதவைத் திறக்கக் கெஞ்சும்போதுதான். கீழே வந்ததும், கணவனை அவள் பார்த்துவிடாமல் நண்பர் ரிச்சர்ட்ஸ் மறைக்கப் பாய்கிறார். அந்த வரியில் அவள் ‘அவனுடைய மனைவி’. ஆயிரம் சொற்களுக்குள் ஒருத்திக்குப் பெயர் கிடைத்துப் பறிபோய்விடுகிறது. வகுப்பில் இதை யாராவது தாமாகக் கண்டுபிடித்தால் அன்றைக்கு வேறெதுவும் நடத்த வேண்டியதில்லை.

இதயத்தை மறந்துவிடுவார்கள். முதல் வாக்கியத்திலேயே இதய நோய் வந்துவிடுகிறது. ஆனால் அறையில் விடுதலை என்று முணுமுணுத்த பிறகு அவள் நாடி வேகமாகத் துடிக்கிறது, ரத்தம் ஓடி உடம்பு முழுவதையும் சூடாக்கித் தளர்த்துகிறது. கதையிலேயே அவள் இதயம் நன்றாக இயங்குவது அங்கே மட்டும்தான். அந்த இடத்தையும் டாக்டர்களின் கடைசி வரியையும் அடுத்தடுத்துப் படித்துக் காட்டினால், தேர்வுக் குறிப்பேட்டில் ‘முரண்நகை’ என்று ஒற்றைச் சொல்லாகக் கிடப்பது எதைக் குறிக்கிறது என்று புரிந்துவிடும். ஐந்து மதிப்பெண் விடையில் அந்தச் சொல்லை மட்டும் எழுதினால் போதாது. அறையில் நடந்தது யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று பிரித்து எழுதச் சொல்ல வேண்டும். வாசகருக்குத் தெரியும். டாக்டர்களுக்கும் ரிச்சர்ட்ஸுக்கும் கணவனுக்கும் தெரியாது.

இதோடு சேர்த்துப் படிக்க ஷார்லட் பெர்கின்ஸ் கில்மனின் ‘மஞ்சள் சுவர்த்தாள்’ (1892) ஏற்றது. ஆனால் அதை முதலில் எடுக்கக்கூடாது. மனைவியை எழுதவிடாமல் மாடியறையில் ஓய்வெடுக்க வைக்கும் டாக்டர் கணவன் ஜான், கம்பி போட்ட சன்னல், தரையோடு ஆணியடித்த கட்டில் என்று அதில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்படி இருப்பதால், மாணவர்கள் உடனே வில்லனைப் பிடித்துவிடுவார்கள். பலருக்கு அது பேய்க்கதையாகவே நின்றுவிடும். ஷோப்பினைப் படித்துவிட்டு வந்தால்தான் ஜானும் அன்பாகத்தான் பேசுகிறான் என்பதும், அந்த அன்புதான் பூட்டு என்பதும் உறைக்கும். கதையில் பெயர் சொல்லி வரும் வெயர் மிட்செல் உண்மையான மருத்துவர், கில்மனுக்கே ஓய்வுச் சிகிச்சை தந்தவர் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் அந்தச் சிகிச்சையை மிகைப்படுத்திய கற்பனை என்று நினைத்துவிடுவார்கள்.

மூன்றாவதாக மேரி வில்கின்ஸ் ஃப்ரீமனின் ‘அம்மாவின் புரட்சி’ (1890). நாற்பது வருடம் முன்பு புது வீடு கட்டித் தருவதாகச் சொன்ன அடோனிராம், அதே இடத்தில் மாடுகளுக்கு இன்னொரு கொட்டகை கட்டுகிறான். மனைவி சாரா பென் எதிர்த்துக் கேட்கிறாள், பதில் வருவதில்லை. கோபத்திலும் அவனுக்குப் பிடித்த பலகாரத்தைச் செய்து வைக்கிறாள். அவன் குதிரை வாங்க வெளியூர் போன சமயம் பார்த்து, அடுப்பு முதல் படுக்கை வரை அத்தனையையும் புதுக் கொட்டகைக்கு மாற்றிக் குடியேறிவிடுகிறாள். இங்கே யாரும் சாகவில்லை, யாருக்கும் புத்தி பேதலிக்கவில்லை. திரும்பி வந்த அடோனிராம் அழுகிறான், அவள் இவ்வளவு உறுதியாக இருந்தது தனக்குத் தெரியாது என்கிறான். நாற்பது வருடம் அவள் வாய்விட்டுச் சொன்னதை அவன் எப்படிக் கேட்காமல் இருந்தான் என்று வகுப்பைப் பேசவிட்டால் நேரம் போவதே தெரியாது. வீட்டில் அம்மாக்கள் பேசுவதை நினைத்துப் பெண்கள் நிறையப் பேசுவார்கள், பையன்கள் முதலில் அமைதியாக இருப்பார்கள். அவசரப்படுத்த வேண்டாம், பேச வருவார்கள்.

ஃப்ரீமன் 1917-இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில், சாராவைப் போன்ற பெண் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தில் இருந்ததே இல்லை என்று தம் கதையையே மறுத்து எழுதினார். இந்தத் தகவலை விவாதம் முடிந்த பிறகு, பாடவேளையின் கடைசியில் தர வேண்டும். முன்பே தந்தால் எழுதியவரே சொல்லிவிட்டார் என்று புத்தகத்தை மூடிவிடுவார்கள். பின்னால் தந்தால், அவர் ஏன் அப்படி மறுக்க வேண்டியிருந்தது என்று அடுத்த வகுப்புக்குக் கேள்வியோடு வருவார்கள்.