ஈரானின் சிறு சீர்திருத்தக் கட்சிகளின் கூட்டணிகள்: ஒப்பீட்டு அரசியல் தாளுக்கு நான் படித்த முறை

முதுகலை அரசியல் அறிவியலில் ஒப்பீட்டு அரசியல் தாளுக்காக ஒரு நாட்டை ஆழமாகப் படிக்க வேண்டியிருந்தபோது நான் ஈரானை எடுத்துக்கொண்டேன். அதிலும், தேர்தலுக்குத் தேர்தல் ஒன்றுகூடிப் பின்னர் கலைந்துவிடும் சிறு சீர்திருத்தக் கட்சிகளின் கூட்டணிகளையே மையமாக வைத்துக்கொண்டேன். இஸ்லாமியக் குடியரசு அமைப்புக்கு உள்ளேயே கூடுதல் சுதந்திரம் கோருவோர் சீர்திருத்தவாதிகள், அவர்களை எதிர்ப்போர் பழமைவாதிகள். எழுத்துத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் இந்த முடிவு எனக்கு நன்றாகக் கைகொடுத்தது. இதே பகுதியைப் படிக்கும் மாணவர்களுக்கு நான் படித்த வழி பயன்படும் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

கட்சிகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதிலிருந்து படிப்பைத் தொடங்க வேண்டாம் என்பதே என் முதல் பரிந்துரை. வாக்குச் சீட்டிலிருந்து தொடங்குங்கள். ஈரானின் நாடாளுமன்றமான மஜ்லிஸில் 290 இடங்கள் உள்ளன. அவற்றில் 5 இடங்கள் ஆர்மீனியர், அசிரியர், யூதர், ஜொராஸ்டிரியர் ஆகிய சிறுபான்மையினருக்கு ஒதுக்கப்பட்டவை. தெஹ்ரான் ஒரே தொகுதியாக நின்று 30 பேரைத் தேர்ந்தெடுக்கிறது. அங்குள்ள வாக்காளர், தாம் விரும்பும் வேட்பாளர்களின் பெயர்களை, முப்பது வரை, சீட்டில் தம் கையால் எழுத வேண்டும். இத்தனை பெயர்களை யாரும் நினைவில் வைத்திருக்க முடியாது என்பதால், தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன் வெளியாகும் வேட்பாளர் பட்டியலைப் பார்த்துத்தான் பெரும்பாலோர் எழுதுகின்றனர். ஆகவே அங்கு கூட்டணி என்பது நடைமுறையில் ஒரு பட்டியலே ஆகும். தனியாகப் பட்டியல் வெளியிட்டால் எவரும் கவனிக்காத ஒரு சிறு கட்சி, பெரிய பட்டியலில் இரண்டு மூன்று பெயர்களைச் சேர்த்துவிட்டால் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்துவிடலாம்.

பாடநூல்களில் நாம் படிக்கும் கூட்டணிக் கோட்பாடு பெரும்பாலும் ஐரோப்பிய நாடாளுமன்றங்களிலிருந்து பிறந்தது. தேர்தலுக்குப் பிறகு பெரும்பான்மை திரட்டி அமைச்சரவை அமைப்பதைப் பற்றியது. ஈரானில் குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதால் அந்தத் தேவை எழுவதில்லை. இந்த வேறுபாட்டை விடையின் முதற்பத்தியிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அடுத்துப் படிக்க வேண்டியது, தேர்தலில் யார் நிற்கலாம் என்று முடிவு செய்யும் காவலர் மன்றம். அதன் 12 உறுப்பினர்களில் அறுவர், நாட்டின் மிக உயர்ந்த அதிகாரம் கொண்ட மதத் தலைவரான உச்சத் தலைவரால் நியமிக்கப்படும் மார்க்க அறிஞர்கள். மற்ற அறுவர் நீதித்துறைத் தலைவர் முன்மொழிய மஜ்லிஸ் தேர்ந்தெடுக்கும் சட்ட வல்லுநர்கள். தேர்தல்களை மேற்பார்வையிடும் பொறுப்பை அரசமைப்பின் 99-ஆம் பிரிவு இம்மன்றத்துக்கு அளிக்கிறது. அந்தப் பொறுப்பில் வேட்பாளர்களை ஏற்பதும் நிராகரிப்பதும் அடங்கும் என்று 1991-இல் மன்றமே விளக்கம் கொடுத்துக்கொண்டது. ஒரு கூட்டணியில் யார் இருப்பார்கள் என்பதைக் கட்சிகளின் பேச்சுவார்த்தை பாதி முடிவு செய்தால், மறுபாதியை இந்த மன்றத்தின் தகுதிநீக்கம் முடிவு செய்கிறது. சிறு கட்சிகள் திடீரென முன்னணிக்கு வருவதற்குக் காரணமும் இதுவே: பெரிய கட்சிகளின் வேட்பாளர்கள் நீக்கப்பட்டுவிட்டால், எஞ்சியிருக்கும் பெயர்கள் சிறு கட்சிகளுடையவையாக இருக்கின்றன.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு 2004 மஜ்லிஸ் தேர்தல். பின்னணியைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்: 1997 மே 23-இல், அதாவது ஈரானிய நாட்காட்டியில் கோர்தாத் 2-இல், சீர்திருத்தவாதியான முகமது கத்தாமி இரண்டு கோடிக்கும் மேற்பட்ட வாக்குகளுடன் குடியரசுத் தலைவரானார், அந்த நாளின் பெயரையே தாங்கிய கூட்டணி 2000-இல் ஆறாவது மஜ்லிஸைக் கைப்பற்றியது. 2004-இல் காவலர் மன்றம் ஆயிரக்கணக்கான வேட்பாளர்களை நீக்கியது. அவர்களில் 80-க்கும் மேற்பட்டோர் பதவியிலிருந்த உறுப்பினர்கள். உள்ளிருப்புப் போராட்டம் நடந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் பதவி விலகல் கடிதம் அளித்தனர். கூட்டணியின் மிகப் பெரிய கட்சியான பங்கேற்பு முன்னணி தேர்தலைப் புறக்கணித்தது. ஆனால் போராடும் மதகுருமார் சங்கம் உள்ளிட்ட எட்டு அமைப்புகள் ‘ஈரானுக்கான கூட்டணி’ என்ற பெயரில் களத்தில் நின்றன. அவை வெல்லவில்லை, அவைத் தலைவராக இருந்த மெஹ்தி கரூபியாலேயே தெஹ்ரானில் இடம் பெற முடியவில்லை. போட்டியிடுவதா, புறக்கணிப்பதா என்ற கேள்வியில் சீர்திருத்தவாதிகள் வெளிப்படையாகப் பிளவுபட்ட தருணம் இது என்பதால், நான் அதிக நேரம் செலவிட்டதும் இந்த ஒரு தேர்தலில்தான். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள். பின்னால் வந்த ஒவ்வொரு தேர்தலிலும் இதே கேள்வி திரும்ப எழுவதைக் காண்பீர்கள்.

மேலே சொன்ன போராடும் மதகுருமார் சங்கத்தோடு மிக ஒத்த பெயருடைய பழமைவாத அமைப்பு ஒன்றும் உண்டு. சீர்திருத்தப் பக்கம் இருக்கும் சங்கம் 1988-இல் அதிலிருந்து பிரிந்து வந்தது. கத்தாமியும் கரூபியும் சீர்திருத்தப் பக்கச் சங்கத்தில் இருந்தனர் என்பதை நினைவில் வைத்தால் குழப்பம் வராது.

2005 குடியரசுத் தலைவர் தேர்தலை எண்களோடு எழுதுவது விடைக்கு வலுவூட்டும். முதற்சுற்றில் முன்னாள் குடியரசுத் தலைவர் ரஃப்சஞ்சானி சுமார் 62 லட்சம், பழமைவாதியான அகமதிநெஜாத் 57 லட்சம், கரூபி 51 லட்சம் வாக்குகள் பெற்றனர். கரூபியுடன், மற்ற இரு சீர்திருத்த வேட்பாளர்களான முஸ்தஃபா மொயீனும் மெஹ்ரலிசாதேவும் பெற்ற வாக்குகளைக் கூட்டினால் ஒரு கோடியைத் தாண்டும். அத்தனை வாக்குகள் இருந்தும் மூவரில் ஒருவர்கூட, முதல் இரு இடங்களைப் பெற்றவர்கள் மட்டும் மோதும் இரண்டாம் சுற்றை எட்டவில்லை. ஒன்றுபடத் தவறியதன் விலையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

காலவரிசை முழுவதையும் படிக்க நேரமில்லாதவர்களுக்கு, ஒரே ஒரு மனிதரைப் பின்தொடரும் வழியைப் பரிந்துரைக்கிறேன். மக்களாட்சிக் கட்சி என்ற சிறு கட்சியின் தலைவரான முஸ்தஃபா கவாகெபியன் 2008-இல் செம்னான் தொகுதியிலிருந்து மஜ்லிஸுக்குச் சென்றார். 2009 குடியரசுத் தலைவர் தேர்தலையொட்டிய போராட்டங்களுக்குப் பிறகு பங்கேற்பு முன்னணி தடைசெய்யப்பட்டது. அந்தத் தேர்தலில் சீர்திருத்த வேட்பாளர்களாக நின்ற மூசவியும் கரூபியும் 2011 முதல் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டனர். அதனால் 2012 மஜ்லிஸ் தேர்தலில் முதன்மைச் சீர்திருத்த அமைப்புகள் ஒதுங்கி நின்றன. கவாகெபியனின் கட்சி போன்ற சிறு அமைப்புகளே தேர்தலில் இறங்கின. அவர் செம்னானில் தோற்றார். 2016-இல் ஒன்றுபட்ட ‘நம்பிக்கைப் பட்டியல்’ தெஹ்ரானின் 30 இடங்களையும் வென்றபோது, அதில் இடம்பெற்றிருந்த அவரும் வென்றார். ஒரு சிறு கட்சித் தலைவரின் வெற்றிக்கும் தோல்விக்கும் பட்டியல் எவ்வளவு காரணமாகிறது என்பதை இந்த மூன்று தேர்தல்களைக் கொண்டே விளக்கிவிடலாம்.

ஆயினும் 2016 வெற்றியை அளவுக்கு மீறிப் புகழ்ந்து எழுதாதீர்கள். சீர்திருத்த வேட்பாளர்களில் பெரும்பாலோர் நீக்கப்பட்டிருந்ததால், அந்தப் பட்டியல் அலி மொத்தஹரி, காசெம் ஜலாலி போன்ற மிதவாதப் பழமைவாதிகளையும் சேர்த்துக்கொண்டே நிரப்பப்பட்டது. மே மாதத்தில் அவைத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பு வந்தபோது, பட்டியலின் முதற்பெயரான முகமது ரெசா ஆரிஃப் 103 வாக்குகளும் அலி லாரிஜானி 173 வாக்குகளும் பெற்றனர். பட்டியலாக வென்றவர்கள் அவைக்குள் ஓர் அணியாக நிற்கவில்லை. கட்சிக் கட்டுப்பாடு, கட்சி நிறுவனமயமாதல் போன்ற கோட்பாட்டுச் சொற்களைப் பயன்படுத்த விரும்புவோர் இந்த இடத்தில் பயன்படுத்தினால் அவை பொருளோடு ஒட்டி நிற்கும்.

2020 மஜ்லிஸ் தேர்தல் பற்றி நீளமாக எழுதத் தேவையில்லை. சீர்திருத்தவாதிகளின் உயர் கொள்கைக் குழு தெஹ்ரானுக்குப் பட்டியல் வெளியிடவில்லை. சில கட்சிகள் தாமாகவே கூட்டுப் பட்டியல் வெளியிட்டன. 30 இடங்களும் பழமைவாதிகளுக்குச் சென்றன. நாடு முழுவதும் வாக்குப்பதிவு 42.57 விழுக்காடாகக் குறைந்தது. வாக்குப்பதிவு விழுக்காட்டை ஒவ்வொரு தேர்தலுக்கும் பக்கத்தில் குறித்துவைப்பது மிகவும் முக்கியம். ஏனெனில் சீர்திருத்தக் கூட்டணிகளின் முதன்மைப் போட்டி பல நேரங்களில் பழமைவாதிகளோடு அன்றி, வாக்களிக்காமல் வீட்டிலேயே இருந்துவிடும் தம் ஆதரவாளர்களின் ஏமாற்றத்தோடு நடக்கிறது.

வாய்மொழித் தேர்வில் அண்மை நிகழ்வைக் கேட்பது வழக்கம். எனவே 2024-ஐ விட்டுவிடாதீர்கள். அந்த ஆண்டு சீர்திருத்தக் கட்சிகளின் கூட்டமைப்பான சீர்திருத்த முன்னணி குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு மூன்று பெயர்களை முன்வைத்தது. அவர்களில் மசூத் பெசஷ்கியான் ஒருவரைத்தான் காவலர் மன்றம் ஏற்றது. ஜஹாங்கீரியும் அகுந்தியும் நிராகரிக்கப்பட்டனர். முதற்சுற்றில் 40 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவாக இருந்த வாக்குப்பதிவு இரண்டாம் சுற்றில் ஏறத்தாழ 50 விழுக்காட்டை எட்ட, பெசஷ்கியான் சுமார் 1 கோடியே 64 லட்சம் வாக்குகளுடன் பழமைவாதியான சயீத் ஜலீலியை வென்றார். இதைச் சீர்திருத்தக் கூட்டணியின் வெற்றி என்று சொல்லலாமா என்று தேர்வாளர் கேட்டால், 2005-இல் மூவர் நின்று சிதறிய வாக்குகள் 2024-இல் சிதறாமல் இருந்ததற்குக் கட்சிகளின் ஒற்றுமை ஒரு காரணம் என்றால், மற்ற இருவரின் பெயரை நீக்கிய காவலர் மன்றத்தின் முடிவு மற்றொரு காரணம் என்று இரண்டையும் சேர்த்தே பதில் சொல்லுங்கள்.