முதல் பிஸ்டல்

"கனமாகத்தான் இருக்கிறது மாமா, ஆனாலும் இதுவே வேண்டும்" என்று கொழிஞ்சாம்பாறை அக்காவின் மகள் இன்று பயிற்சித் தளத்தில் பிடிவாதம் பிடித்தாள்.

அவள் தூக்கியது பயிற்சியாளரின் .22 (குண்டின் விட்டம் சுமார் 0.22 அங்குலம்) செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல்.

அதன் மரப்பிடி பெரியவர் கைக்குச் செதுக்கப்பட்டிருந்ததால், மணிக்கட்டைத் திருப்பிய பிறகே அவளது ஆள்காட்டி விரலின் நுனி விசையை (டிரிகரை) தொட்டது. அப்படி இழுத்தால் குண்டு பக்கவாட்டில்தான் விலகும்.

விலையையும் கம்பெனியையும் முதலில் விசாரிக்கும் பெற்றோர் (அக்காவும்தான்) பிள்ளையின் கையளவைப் பார்ப்பதில்லை.

இந்த வகைப் பிஸ்டலுக்கான 25 மீட்டர் போட்டியில், டிரிகர் குறைந்தபட்சம் 1000 கிராம் இழுப்பைத் தாங்க வேண்டும் என்பது விதி. காற்றழுத்தத்தால் சுடும் 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு 500 கிராமே போதும் என்பதாலும், பின்னுதைப்பு மிகக் குறைவு என்பதாலும், விரல் வளரும்வரை அதுவே என் தேர்வு.