27 மணித்தியாலம், 400 கிலோமீட்டர்: தம்பிக்குத் துணை போன கதை

என் தம்பிக்கு 2027இல் பிரான்சில் நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்டத்துக்குப் போக ஆசை. நான்கு வருடத்துக்கு ஒருமுறை வரும் சைக்கிளோட்டம் அது. 1,200 கிலோமீட்டரை 90 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். அந்த வருடமே 200, 300, 400, 600 என்று நான்கு தூரத்தையும் நேரத்துக்குள் ஓடியவர்களைத்தான் சேர்ப்பார்கள். 300 வரை தனியாகவே ஓடிப் பழகிவிட்டான். 400ஐ ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று போன ஆடி மாதம் கூட்டாளிமார் மூன்று பேரோடு இறங்கினான். தகுதிக்கு எண்ணப்படாத ஓட்டம்தான். ஆனால் விதியெல்லாம் அங்கே உள்ளபடியே வைத்தார்கள்: 400க்கு 27 மணித்தியாலம், கொன்ட்ரோல் என்று குறித்த இடங்களில் மட்டும் உதவி. துணைக்கு வரும் வாகனம் பின்னால் போகவே கூடாது. நடுவழியில் ரியூப் வெடித்தாலும் அவனேதான் மாற்ற வேண்டும்.

அவனுக்குத் துணை நானும் என் கணவரும். வாகனம் இவருடைய ஓட்டோ.

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை போய்த் திரும்ப ஏறத்தாழ 270 கிலோமீட்டர். பிறகு அக்கரைப்பற்று போய்த் திரும்ப 130. எதை முதலில் ஓடுவது என்பதில் வாக்குவாதமே நடந்தது. தம்பிக்குத் தெற்கே முதலில் போய்வர விருப்பம். இவர் விடவில்லை. வாகரைக்கும் வெருகலுக்கும் இடையில் இருட்டில் யானை நிற்கும், அந்தப் பக்கத்தைப் பகலில் முடித்துவிட வேண்டும் என்றார். காத்தான்குடியிலிருந்து அக்கரைப்பற்று வரை பெரும்பாலும் வீடும் கடையும் லைட்டும்தான், இரவில் பயமில்லை. நல்ல யோசனைதான். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது: திருகோணமலையிலிருந்து திரும்பும் நேரம் உச்சி வெயில், அதோடு எதிரே கச்சான் காற்று.

விடிய 4 மணிக்கு கல்லடிப் பாலத்தடியில் தொடங்கினார்கள். நாங்கள் முன்னால் போய் வாகரையில் காத்திருந்தோம். 6.45க்கு வந்தான். உப்புப் போட்டு அவித்த வத்தாளங்கிழங்கு, இரண்டு வாழைப்பழம், போத்தலில் தண்ணீர், எட்டு நிமிடத்தில் போய்விட்டான். திருகோணமலைக்கு 10.10. அங்கேயும் ஒரு குறையும் இல்லை. சிரித்துக்கொண்டே, "அக்கா, கிண்ணியாப் பாலத்தில ஒரு காத்து அடிச்சுது பாருங்க" என்றான். 2009இல் அந்தப் பாலம் திறக்கும்வரை அங்கே பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறித்தான் களப்பைக் கடக்க வேண்டும். சின்ன வயதில் அப்பாவோடு அப்படிக் கடந்தது இவருக்கு இன்னும் நினைவிருக்கிறது.

10.40க்கு அவனை அனுப்பிவிட்டு, நாங்கள் வாகரைக்குத் திரும்பினோம். வாட்ஸ்அப்பில் அவன் போட்டுவிட்ட லைவ் லொக்கேஷனைப் பார்த்தபடியே இருந்தேன். சரியாக 12 மணிக்கு அந்தப் புள்ளி மறைந்தது. ஒருமுறை போட்டால் எட்டு மணித்தியாலம்தான் அது ஓடும் என்பதை நான் யோசிக்கவேயில்லை. 4 மணிக்குப் போட்டது 12க்கு முடிந்துவிட்டது. அழைத்துப் பார்த்தால் தொடர்பு இல்லை. 2 மணிக்கு வர வேண்டியவன் 2.30க்கும் வரவில்லை. "ஓட்டோவை எடுங்க, போய்ப் பாப்பம்" என்றேன். இவர் அசையவில்லை. "நாம போய் நிண்டா அவன்ட ஓட்டம் முடிஞ்சுது. மூண்டரை மட்டும் பொறு. அதுக்கு மேல நான் விதியைப் பாக்கமாட்டன்" என்றார். அவன் வரும் வரைக்கும் நான் வீதியை விட்டு வேறெங்கும் பார்க்கவில்லை.

3.10க்கு வந்தான். சைக்கிளை நிறுத்தத் தெரியாமல் நின்றான். இறங்கின உடனே சத்தி எடுத்தான். தலையிடி என்றான். முகம் ஊதியிருந்தது. வெயிலில் வாடிவிட்டான் என்றுதான் நான் நினைத்தேன், இன்னொரு போத்தல் தண்ணீரை நீட்டினேன். அதைப் பிடித்த கையைப் பார்த்தேன். கலியாண மோதிரம் விரலுக்குள் புதைந்துபோய்க் கிடந்தது. விடியக்காலையில் அது கழன்று விழுந்துவிடும் போலச் சுழன்ற மோதிரம்.

என் சிநேகிதி ஒருத்தி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு அழைத்தேன். அவள் கேட்டது மூன்றே கேள்வி. ஆள் தெளிவாகப் பேசுகிறானா? கடைசியாக எப்போது மூத்திரம் போனான்? என்ன குடித்தான், எவ்வளவு?

மூன்றாவதுக்குப் பதில் என் கொப்பியில் இருந்தது. ஒவ்வொரு கொன்ட்ரோலிலும் நேரம், சாப்பிட்டது, குடித்தது என்று எழுதிவந்தேன். அதை வாசிக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. வாகரையில் கிழங்கோடு கொடுத்த உப்புதான் கடைசி உப்பு. திருகோணமலையில் நான் ஏற்றிவிட்டது நான்கு போத்தல் வெறும் தண்ணீர், வெயில் என்று பயந்து "குடி, குடி" என்று சொல்லிச் சொல்லி. வழியில் மூதூரில் இன்னும் இரண்டு வாங்கிக் குடித்திருக்கிறான். வேர்வையோடு உப்புப் போய்க்கொண்டே இருக்க, மேலும் மேலும் தண்ணீர் ஊற்றினால் இரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். தலையிடி, சத்தி, விரல் வீக்கம் எல்லாம் அதனால் வரலாம். பார்ப்பதற்குத் தண்ணீர் காணாத ஆள் மாதிரியே இருக்கும். அதனால்தான் மேலும் தண்ணீர் கொடுத்து ஆளை ஆபத்தில் தள்ளிவிடுகிறோம்.

"தண்ணி இனி வேணாம். உப்பாக் கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பிடக் குடு. மூத்திரம் போகும் வரைக்கும் சைக்கிளில ஏத்தாத. பேச்சுக் குழறினா, மறுகாவும் சத்தி எடுத்தா, ஒரு நிமிசமும் நிக்காம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்றாள்.

மர நிழலில் படுக்க வைத்தோம். பிளாஸ்கில் இருந்த கஞ்சியில் உப்பைக் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். தேசிக்காய்த் துண்டை உப்பில் தொட்டு நக்கக் கொடுத்தேன். இவர் பக்கத்தில் இருந்து அவனுடைய மகளின் பெயர், எங்கள் வீட்டுப் பழைய நாயின் பெயர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சுத் தெளிவாக இருந்தது. ஐம்பது நிமிடத்துக்குப் பிறகு எழும்பிப் பற்றைப் பக்கம் போய்விட்டு வந்து, "அக்கா, போயிற்று" என்றான். அந்தச் சொல்லைக் கேட்டு நான் அழுதேன்.

4.20க்கு அவனே சைக்கிளை நிமிர்த்தினான். போ என்றோ நில் என்றோ நாங்கள் சொல்லவில்லை. வாழைச்சேனைக்குப் போய்ச் சேர்ந்ததும் அழைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னோம். அழைத்தான்.

மட்டக்களப்புக் கொன்ட்ரோலை வீட்டில் வைக்காமல் பாலத்தடியில் வைத்தது இவருடைய யோசனை. 270 கிலோமீட்டர் ஓடியவன் கட்டிலைக் கண்டால் எழும்பமாட்டான் என்றார். ஆனால் அம்மா அங்கேயே வந்துவிட்டா, கையில் எருமைத் தயிர்ச் சட்டியோடு. இரவு 7.50. "போதும் மனே, வீட்ட வா" என்று அவன் தலையைத் தடவினா. தம்பி ஒன்றும் பேசாமல் தயிரில் உப்புப் போட்டுச் சோறு பிசைந்து சாப்பிட்டான். பிறகு, "ராவைக்குக் காத்து இல்ல அம்மா, நான் வாறன்" என்றான். அம்மாவைச் சமாதானம் பண்ணி வீட்டுக்கு அனுப்பத்தான் எனக்கு நேரம் போனது.

தெற்குப் பக்கம் எழுத அவ்வளவு இல்லை. கல்முனையில் ஜீவனி என்ற உப்புச் சீனித் தூள் கரைத்த தண்ணீர், அக்கரைப்பற்றில் முட்டை ரொட்டி, ஒரு பிளேன்டி, ஓட்டோவின் பின் சீற்றில் இருபது நிமிட நித்திரை. எழுப்புவது என் வேலை. எழுப்ப மனம் வரவில்லை, எழுப்பினேன். அதற்குப் பிறகு எங்கும் வெறும் தண்ணீர் மட்டும் கொடுக்கவில்லை, "குடி" என்று சொல்லவும் இல்லை. தாகம் எடுத்தால் அவனே குடிப்பான்.

சுபஹு பாங்கு கேட்ட கையோடு பாலத்தின் அந்தப் பக்கத்தில் அவனுடைய லைட் தெரிந்தது. 4.40. மொத்தம் 24 மணித்தியாலமும் 40 நிமிடமும். கூட்டாளிமார் இருவர் அவனுக்கு முன்னால் முடித்திருந்தார்கள், ஒருவர் ஏறாவூரோடு நிறுத்திவிட்டார். ஹெல்மெட் பட்டியைக் கழற்ற அவனால் முடியவில்லை, விரல்கள் மடங்கவில்லை. நான்தான் கழற்றிவிட்டேன். மோதிரத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன், சுழன்றது.

இடது கைச் சின்ன விரலில் மூன்று கிழமையாகியும் உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. ஹேண்டிலில் ஒரே இடத்தில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டே ஓடினால் அங்குள்ள நரம்பு நசுங்கி அப்படி ஆகும். 600க்கு இறங்க முதல் ஹேண்டிலைக் கொஞ்சம் உயர்த்தி, தடித்த டேப் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். அதோடு, 12 மணிக்கு லொக்கேஷனைப் புதுப்பிக்கச் சொல்லி அவனுடைய போனில் அலாரம் வைக்க வேண்டும்.