ஊசி போட்ட அன்னிக்கு ராத்திரி

நேத்து ஆபீஸ்ல சாப்பிடும்போது ஒருத்தர் "மலை கிராமத்து ஜனங்களுக்கு விழிப்புணர்வே இல்ல, அதான் குழந்தைக்கு ஊசி போட மாட்டேங்கறாங்க"ன்னு சொன்னார், அதுல இருந்து மனசே ஆறல, அதான் எழுதறேன்.

எங்க சித்தி கிராம சுகாதார செவிலியரா இருந்தவங்க, ரொம்ப வருஷம் ஜவ்வாது மலைல. அந்த நீளமான பேர யாரும் சொல்ல மாட்டாங்க, நர்சம்மா தான். நான் சென்னைல வளர்ந்தவ, லீவு விட்டா சித்தி வீடு. புதன்கிழமை ஊசி நாள், ஐஸ் பேக் வெச்ச டப்பாவ தோள்ல மாட்டிக்கிட்டு பஸ் போற வரைக்கும் பஸ், அப்புறம் நடை. தட்டம்மை ஊசி மருந்து ஒரு பாட்டில்ல பல குழந்தைங்களுக்கு இருக்கும், கரைச்சா 4 மணி நேரம் தான், மிச்சத்த கொட்டிடணும், ஆனா ஒரே ஒரு குழந்தை வந்தாலும் சித்தி பாட்டில உடைச்சிடுவாங்க, நாளைக்கு வான்னு ஒரு தடவ திருப்பி அனுப்பினா அந்த அம்மா திரும்ப வரமாட்டான்னு அவங்களுக்கு தெரியும்.

ஒரு வீட்டுல ஒன்றரை மாசத்துல போடற பெண்டாங்கற கூட்டு ஊசி போட்டு குழந்தைக்கு ராத்திரி பூரா காய்ச்சல், தொடை வீங்கி ஒரே அழுகை. காய்ச்சல் வரும்னு அவங்ககிட்ட யாருமே முன்னாடி சொல்லல. அப்பாவுக்கு மறுநாள் கூலி போச்சு. ரெண்டாவது ஊசிக்கு பாட்டி கதவையே தெறக்கல. சித்தி மூணு தடவ போனாங்க, தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி, மஞ்சள் காமாலைன்னு எதுக்கெல்லாம் இந்த ஊசின்னு சொல்லிப் பாத்தாங்க, கடைசில பாட்டி கேட்டது ஒண்ணே ஒண்ணு தான், "காய்ச்சல் வந்தா நீயா வந்து தூக்குவ?" சித்தி "தூக்கறேன்"னு சொல்லி ஊசிய போட்டுட்டு அன்னிக்கு ராத்திரி அந்த வீட்டுலயே படுத்துட்டாங்க. பாராசிட்டமால் குடுத்து, துணி நனைச்சு தொடச்சு, விடியக்காலைல காய்ச்சல் எறங்கினதும் தான் கெளம்பினாங்க. மூணாவது ஊசிக்கு பாட்டியே குழந்தைய இடுப்புல வெச்சுக்கிட்டு வந்துச்சு.

அந்த பாட்டி கேட்டது நியாயமான கேள்வி, அத போய் அறியாமைன்னு சொல்றது எனக்கு கோவமா வருது. சென்னை மட்டும் என்ன, 2017 பிப்ரவரில தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்டப்போ வாட்ஸ்அப்ல வந்த ஃபார்வர்ட பாத்துட்டு பிள்ளைங்கள ஸ்கூலுக்கே அனுப்பாத படிச்ச அப்பா அம்மா எங்க தெருவுலயே இருந்தாங்க.

இப்ப ஓஎம்ஆர் பக்கம் கட்டட வேலைக்கு ஒடிசாவுல இருந்தும் பீகார்ல இருந்தும் குடும்பத்தோட வந்திருக்காங்க, ஊசி அட்டை ஊருலயே இருக்கும், இங்க எங்க போறதுன்னு தெரியாது. அட்டை இல்லன்னாலும் பக்கத்துல இருக்கற ஆரம்ப சுகாதார நிலையத்துல காசில்லாம போடுவாங்க, நாள் தள்ளிப் போயிருந்தாலும் மொதல்ல இருந்து ஆரம்பிக்க வேணாம், விட்ட எடத்துல இருந்து போடலாம். உங்க வீட்டுப் பக்கத்துல யாராவது கைக்குழந்தையோட இருந்தா இத சொல்லுங்க, கூடவே ராத்திரி காய்ச்சல் வரலாம்னும் சொல்லிடுங்க, முடிஞ்சா மறுநாள் காலைல ஒரு எட்டு போய் குழந்தை எப்படி இருக்குன்னு பாத்துட்டு வாங்க.