ரொட்டியில் ஒரு பெயர்

மகளின் டிபன் பாக்ஸ் மூடியில் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். வகுப்பில் எல்லோருடையதும் ஒரே மாதிரியாம், மாறிப்போகிறதாம்.

சட்டென்று செலரின் ரொட்டி நினைவுக்கு வந்தது.

கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது ஹெர்குலேனியம் என்ற பழைய ரோமானிய நகரில் கரியாகி, வடிவம் மாறாமல் அப்படியே தங்கிவிட்ட ரொட்டி அது. வட்டமாக, எட்டுத் துண்டாகப் பிய்க்க வாகாகக் கோடு போட்டது. மேலே ஒரு முத்திரை: குவின்டஸ் கிரானியஸ் வேரஸின் அடிமை, செலர்.

பொது அடுப்பில் மாறிவிடக் கூடாதே என்று குத்தியிருப்பார்கள்.

சீசர்களின் சிலைகளைவிட எனக்கு இந்த ரொட்டிதான் ரோம். ஓர் அடிமையின் பெயர், அதுவும் எசமானின் பெயரோடு ஒட்டிக்கொண்டுதான், நம் கைக்கு வந்திருக்கிறது.

அன்று செலர் தப்பித்திருப்பாரா?

மூடியில் மை காயும்வரை அதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.