பேய்ட்டன் போன இடத்தில் டிவின்சென்சோ

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் ஆடும் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியில் இரண்டாம் கேரி பேய்ட்டன் இருந்த இடத்துக்கு டொன்டே டிவின்சென்சோ வந்தது இலாபம்தான் என்று டொரொன்டோவில் இருக்கும் என் மருமகன் இன்றைக்கும் வாதாடுகிறான். "மாமா, கணக்கைப் பாருங்கள்" என்பான். கணக்கு அவன் பக்கம்தான். 2021-22 பருவத்தில் பேய்ட்டன் ஆட்டத்துக்குச் சராசரியாக 7.1 புள்ளிகள் எடுத்தார். அடுத்த பருவத்தில் டிவின்சென்சோ எடுத்தது 9.4. அதற்கு மேல் 4.5 ரீபவுண்ட் (கூடை தவறித் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 3.5 அசிஸ்ட் (மற்றவர் புள்ளி எடுக்கப் பந்து கொடுப்பது), மூன்று புள்ளி எறிதலில் நூற்றுக்கு நாற்பதைத் தொடும் குறி. இவற்றில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால் பேய்ட்டனை வாங்கில் வைத்திருந்தது புள்ளி சேர்ப்பதற்காகவா?

எதிரணியில் ஒருவன் எறிவதெல்லாம் விழத் தொடங்கிவிட்டால், அவனிடம் போய் நிற்பதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் பேய்ட்டன். அவர் தடுப்பாட்டம் ஆடுவதைப் பார்க்கும்போது நான் பந்தை விட்டுவிட்டு அவருடைய கால்களைப் பார்ப்பேன். எதிராளி தன் கூடைக்குக் கீழே பந்தை வாங்கும்போதே போய் ஒட்டிக்கொள்வார். முழங்கால் மடிந்திருக்கும், நெஞ்சு எதிராளியின் இடுப்புக்கு நேரே இருக்கும், கைகள் தாழ்ந்திருக்கும். திடல் முழுவதும் அந்த இடைவெளி கூடாது, குறையாது. எதிராளி கை மாற்றுவதற்காகப் பந்தைத் தரையில் தட்டுகிற அந்தக் கணத்தில் விரல்கள் உள்ளே போய்விடும். ஆட்டத்துக்குப் பதினெட்டு நிமிடம்கூட முழுதாக நிற்காதவர், சராசரியாக 1.4 தடவை பந்தைப் பறித்திருக்கிறார்.

உயரம் 188 சென்டிமீற்றர்தான். அந்த உயரத்தில் உள்ளவர்களெல்லாம் வெளியே நின்று பந்து நடத்துவார்கள். இவரோ தாக்குதலின்போது நெடிய வீரர்கள் நிற்கும் இடத்தில், கூடைக்குப் பக்கத்துக் கோட்டோரத்தில் போய் நிற்பார். அணியின் நட்சத்திரம் ஸ்டெபன் கரியை இரண்டு பேர் மறிக்க, பந்து நடுவில் சக வீரர் டிரேமண்ட் கிரீனிடம் வர, அங்கிருந்து மேலே எறியப்படும் பந்தைத் தாவிப் பிடித்துக் கூடைக்குள் அடித்துவிடுவார். 2016 இல் புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எந்த அணியும் தேர்ந்தெடுக்காத வீரர் இவர். அணி அணியாக அலைந்து, 2021 இல் வாரியர்ஸும் விடுவித்தபோது, அந்த அணியிலேயே வீடியோ பிரிவில் வேலை கிடைக்குமா என்று கேட்டவர். கடைசியாக மிஞ்சியிருந்த இடம் அவருக்குக் கிடைத்தது. அந்தப் பருவம் முடிந்தபோது கையில் சாம்பியன் பட்டம் இருந்தது.

அந்த இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எங்களுக்கு அது 2022 ஜூன் 14, பொசன் போயா நாள், காலை ஆறரை மணி. யாழ்ப்பாணம் பெற்றோல் வரிசையில் நின்றுகொண்டிருந்த காலம். நான் வெளியே எங்கும் போக வழியில்லாமல் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். கரி ஒன்பது தடவை மூன்று புள்ளிக்கு எறிந்தார், ஒன்றும் விழவில்லை. அப்படிப்பட்ட நாளிலும் அணி வென்றது என்றால், அன்ட்ரூ விக்கின்ஸ் எடுத்த 26 புள்ளிகளைத்தான் எல்லோரும் சொல்வார்கள். வாங்கிலிருந்து எழுந்து வந்த பேய்ட்டன் 15 புள்ளிகள் எடுத்தார், மூன்று பந்துகளைப் பறித்தார். அதற்கு ஆறு வாரத்துக்கு முன்னர்தான் மெம்பிஸ் அணியுடனான ஆட்டத்தில் அந்தரத்தில் அடிபட்டு விழுந்து முழங்கை எலும்பு உடைந்திருந்தது.

பட்டம் வென்ற அடுத்த மாதமே போர்ட்லாந்து அணி பேய்ட்டனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வாரியர்ஸ் ஏற்கெனவே, சம்பளச் செலவு வரம்பு மீறினால் லீக்குக்குக் கட்ட வேண்டிய ஆடம்பர வரியில் மூழ்கியிருந்த அணி. போர்ட்லாந்து கொடுத்த தொகைக்கு ஈடு கொடுக்கவில்லை. கிட்டத்தட்ட 4.5 மில்லியன் டொலர் ஆண்டுச் சம்பளத்துக்கு டிவின்சென்சோ வந்தார்.

அவரும் சாதாரண ஆளில்லை. 2018 இல் அமெரிக்கப் பல்கலைக்கழக இறுதியாட்டத்தில் வாங்கிலிருந்து வந்து வில்லனோவாவுக்காக 31 புள்ளிகள் எடுத்தவர். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது, பந்தைக் கொடுத்த பிறகு நிற்காமல் இருப்பது. கொடுத்தவுடன் வெட்டி ஓடுவார். பந்து வராவிட்டால் மூலைக்குப் போய்த் திரும்பி நிற்பார். பின்னால் இருந்து ஓடிவந்து ரீபவுண்டை எடுத்து, யாருக்கும் கொடுக்காமல் தானே பந்தை நடத்திக்கொண்டு மறுகரைக்குப் போவார். கரி காயத்தில் இருந்த நாட்களில் தொடக்க ஐவரில் ஒருவராக அணியைத் தாங்கியிருக்கிறார். பின்னேரங்களில் எங்கள் சீமெந்துத் திடலுக்குப் பயிற்சிக்கு வரும் பையன்களுக்கு டிவின்சென்சோவைத்தான் காட்டுகிறேன். அவர் செய்வதைப் பழக்கத்தால் கற்றுக்கொள்ளலாம். பேய்ட்டன் செய்வதை எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஆனாலும் டிவின்சென்சோ ஆடிய அந்த 2022-23 பருவத்தைப் பாருங்கள். முந்திய ஆண்டு 53 வெற்றி, இப்போது 44. வெளியூர் ஆட்டங்களில் 11 வெற்றி, 30 தோல்வி. முந்திய ஆண்டு என்பிஏயிலேயே முன்வரிசையில் இருந்த தடுப்பாட்டம் நடுவரிசைக்கு இறங்கியது. பழியை டிவின்சென்சோவின் தலையில் போடுவது அநியாயம். விக்கின்ஸ் பாதிக்கு மேற்பட்ட ஆட்டங்களில் இல்லை. ஆனால் எதிரணியின் பந்து நடத்துபவன் தன்பாட்டில் புள்ளி குவிக்கத் தொடங்கும்போது, வாங்கைத் திரும்பிப் பார்த்தால் அனுப்புவதற்கு ஆளில்லை.

மருமகனுக்கு நான் கொடுக்கும் பதில் 2023 பெப்ரவரி. 2020 டிராஃப்டில் இரண்டாவது ஆளாகத் தேர்ந்தெடுத்த ஜேம்ஸ் வைஸ்மனைக் கைவிட்டு, நான்கு அணிகள் சேர்ந்த ஒரு வீரர் மாற்றத்தில் வாரியர்ஸ் பேய்ட்டனைத் திரும்ப வாங்கியது. அவருக்குக் காயம் என்று மருத்துவப் பரிசோதனையில் தெரிந்த பிறகும் பின்வாங்கவில்லை. அந்த ஆண்டு லேக்கர்ஸுடனான தொடரில் தோல்வி நெருங்கியபோது பயிற்றுநர் ஸ்டீவ் கேர் அவரைத் தொடக்க ஐவரிலேயே இறக்கினார். இடம் நிரம்பியிருந்தால் இதெல்லாம் எதற்கு?

"அப்படியென்றால் டிவின்சென்சோவை ஏன் விட்டார்கள்?" என்று அவன் திருப்பிக் கேட்கிறான். அதுதான் எனக்கும் ஆற்றாமை. ஓராண்டு மட்டுமே இருந்த வீரருக்குச் சம்பள உச்சவரம்பைத் தாண்டிய அணி பெரிய தொகை கொடுக்க விதி இடம் தராது. நியூயோர்க் நிக்ஸ் நான்கு ஆண்டு ஒப்பந்தம் நீட்டியது, அவர் போனார். முதல் பருவத்திலேயே 283 மூன்று புள்ளி எறிதல்களைப் போட்டு நிக்ஸின் சாதனையை முறியடித்தார். காயம் ஆறிப் பேய்ட்டன் திடலுக்கு வந்த மார்ச் கடைசியிலிருந்து லேக்கர்ஸிடம் தோற்ற மே மாதம் வரைதான் இருவரும் ஒரே சட்டையில் ஆடினார்கள். ஒருவர் மறிக்க மற்றவர் பந்தை எடுத்துக்கொண்டு ஓடும் அந்தச் சோடியை ஒரு முழுப் பருவத்துக்குப் பார்க்க வேண்டும் என்றுதான் நான் ஆசைப்பட்டேன்.